பதினெட்டுத் தீவுகளின் கணக்கு

சால்மன் மீனுக்கும் ரத்தசோகை வரும். இரும்புச்சத்துக் குறைவால் அல்ல, ஒரு வைரஸால். நோய் தாக்கிய மீனின் செவுள் வெளுத்துப்போகும், வயிறு உப்பும். நீந்தத் தெம்பில்லாமல் கூண்டின் மேல்மட்டத்தில் கொஞ்சநாள் மிதந்துவிட்டுச் செத்துப்போகும். மருந்து கிடையாது. ஒரு கூண்டில் நுழைந்த நோய் அந்தக் கடற்கழியில் இருக்கும் மற்ற கூண்டுகளுக்கும் போய்விடும். 2000-ஆம் ஆண்டு இந்த வைரஸ் ஃபரோ தீவுகளின் மீன் பண்ணைகளுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே சால்மன் வளர்ப்பே ஏறக்குறையப் படுத்துவிட்டது.

ஃபரோ தீவுகள் இருப்பது ஸ்காட்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து மூன்றுக்கும் நடுவே, வட அட்லாண்டிக் கடலில். மொத்தம் 18 தீவுகள், பரப்பு 1,399 சதுர கிலோமீட்டர். டென்மார்க் முடியாட்சியின் கீழ் 1948 முதல் தன்னாட்சி. பெருந்தொற்று வந்த 2020-இல் மக்கள்தொகை சுமார் 52,000. ஆட்டைவிட ஆள் குறைவு. அந்த ஊர்க்காரர்கள் கப்பலேற்றி விற்பது கிட்டத்தட்ட முழுவதும் மீன்தான். அதில் சால்மனுக்குப் பெரும்பங்கு. ஆகவே மீனுக்கு வந்த நோய் அவர்களுக்கு நாட்டுப் பிரச்சினை. சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு கழியில் ஒரே வயது மீன்களைத்தான் வளர்க்கலாம், அறுவடைக்குப் பின் கழியைச் சில காலம் வெறுமையாக விட வேண்டும், குஞ்சுகளுக்குத் தடுப்பூசி கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் தெரிகிறதோ இல்லையோ, பண்ணைகளிலிருந்து மாதிரி எடுத்து ஓயாமல் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்காக, தலைநகர் டோர்ஷாவ்னில் உணவு மற்றும் கால்நடைத் துறையின் கீழ் ஓர் ஆய்வகம் வேலை செய்தது. அங்கே நடந்தது, 2020-க்குப் பிறகு நம் ஊர்ச் சந்துகளில்கூடப் பேச்சாகிப்போன அதே ஆர்டி-பிசிஆர்.

சால்மன் வைரஸும் கொரோனா வைரஸும் சொந்தக்காரர்கள் அல்ல. முன்னது இன்புளுயன்சா குடும்பம். ஆனால் இரண்டுக்கும் மரபுப்பொருள் ஆர்என்ஏ. பிசிஆர் இயந்திரம் நேரடியாக ஆர்என்ஏவைப் பெருக்காது. முதலில் ஒரு நொதியைக் கொண்டு அதை டிஎன்ஏவாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு சூடேற்றுவது, ஆறவிடுவது, மறுபடி சூடேற்றுவது. ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இழை இரண்டு மடங்காகும். முப்பது சுற்று முடிந்தால் ஒற்றை இழை நூறு கோடியைத் தாண்டும். எந்த இழையைப் பெருக்குவது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது, சோதனைக்குழாயில் நாம் போடும் தொடக்கிகள் என்ற குட்டி டிஎன்ஏ துண்டுகள். அவை தேடுகிற எழுத்துவரிசை மாதிரியில் இருந்தால்தான் பெருக்கம் நடக்கும். ஆக, தொடக்கியை மாற்றினால் மீன் வைரஸைத் தேடிய அதே இயந்திரம் மனித வைரஸைத் தேடும்.

மாற்றுவதற்கான தகவலும் சீக்கிரமே கிடைத்தது. புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையைச் சீன விஞ்ஞானிகள் 2020 ஜனவரி 11 அன்று பொதுவில் வைத்தார்கள். பெர்லினில் கிறிஸ்டியான் டிராஸ்டன் குழு உருவாக்கிய சோதனைமுறை சில நாட்களிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக எல்லோர் கைக்கும் வந்தது. டோர்ஷாவ்ன் ஆய்வகத்தின் தலைவர் டேபெஸ் கிறிஸ்டியான்சன், தீவில் ஒரு நோயாளிகூட இல்லாதபோதே தன் ஆய்வகத்தை மனித மாதிரிகளுக்குத் தயார்செய்யத் தொடங்கினார். மூடுபனியும் காற்றும் சேர்ந்தால் வாகர் விமான நிலையத்தில் விமானம் இறங்காது. மாதிரிகளைக் கோபன்ஹேகனுக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பதென்றால், வைரஸுக்கு அத்தனை நாள் சும்மா கொடுத்ததாகும். மார்ச் தொடக்கத்தில் முதல் நோயாளி வந்தபோது (பாரிஸில் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்) உள்ளூரிலேயே சோதனை தயாராக இருந்தது. நாளொன்றுக்கு 600 மாதிரி வரை பார்க்க முடிந்தது. ஐம்பத்திரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் அது பெரிய எண்.

உலகப் பத்திரிகைகள் இந்தக் கதையை விரும்பின. மீன் ஆய்வகம் மனிதர்களைக் காப்பாற்றியது என்ற தலைப்பு யாருக்குத்தான் பிடிக்காது? பொய்யும் இல்லை. ஆனால் அது பாதிக்கதை. மீதிப்பாதிக்கு அதே தீவுகளில் நூற்றெழுபத்து நான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1846 மார்ச் 20. கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் கப்பலேறினார். புறப்படுமுன் அங்கே தட்டம்மையில் படுத்திருந்த சிலரைப் போய்ப் பார்த்திருந்தார். 28-ஆம் தேதி டோர்ஷாவ்னில் இறங்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் அவருக்கு அம்மை போட்டது. பதினைந்து நாளில் அவருடைய நெருங்கிய நண்பர்கள் இருவருக்கும் போட்டது. தீவுகளில் கடைசியாகத் தட்டம்மை வந்தது 1781-இல். இடையில் அறுபத்தைந்து ஆண்டுகள் ஒன்றுமே இல்லை. அப்போது அங்கே இருந்தவர்கள் 7,782 பேர். அக்டோபருக்குள் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகளும் ஐம்பதைத் தாண்டியவர்களும்தான் அதிகம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்கவும் ஆள் இருக்காது. மாட்டைப் பார்க்க, மீனுக்குப் போக யாரும் கிடையாது.

டென்மார்க் அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும். வயது 25. சிகிச்சையைப் பொறுத்தவரை அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. 1846-இல் யாராலும் முடிந்திருக்காது. ஆனால் படகேறி ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டார். உங்களுக்கு எந்தத் தேதியில் தடிப்பு தெரிந்தது? அதற்கு முன் வெளியூர் ஆள் யாரைப் பார்த்தீர்கள்? எங்கே, எப்போது? கோபன்ஹேகன் போன்ற நகரத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலே வராது. நூறு பேரை உரசிக்கொண்டு தினமும் சந்தைக்குப் போகிறவனுக்கு எந்த உரசலில் ஒட்டியது என்று எப்படித் தெரியும்? ஃபரோவின் கழியோரக் கிராமங்களில் நிலைமை வேறு. அடுத்த ஊருக்குப் போவதென்றால் கடலும் மலையும் வழிவிட வேண்டும். வெளியாள் வந்தால் வந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அவர் குறித்துவைத்ததில் மிகத் தெளிவான சம்பவம் ஒன்று. ஜூன் 4 அன்று வெஸ்த்மன்னா என்ற ஊரின் வளைகுடாவுக்குள் பைலட் திமிங்கிலக் கூட்டத்தை விரட்டிவந்து வேட்டையாடினார்கள். அந்தத் தீவுகளில் காலங்காலமாக நடக்கும் ஊர்க்கூட்டு வேலை அது. திமிங்கிலம் வந்துவிட்டது என்ற செய்தி கேட்டால் அக்கம்பக்கத்துப் படகெல்லாம் ஓடும், இறைச்சியில் பங்கு உண்டு. வடகோடியில் இருக்கும் ட்யோர்னுவீக் கிராமத்திலிருந்து ஒரு படகில் பத்து ஆண்கள் போனார்கள். அங்கே கூடியவர்களிடையே தட்டம்மை இருந்தது. பத்துப் பேரும் ஊர் திரும்பினார்கள். ஜூன் 18 அன்று பத்துப் பேருக்கும் தடிப்பு வெளிப்பட்டது. ஒட்டிய நாள் ஒன்று, வெளிப்பட்ட நாள் ஒன்று, நடுவே பதினான்கு நாள். தட்டம்மை ஒட்டியதிலிருந்து தடிப்பு தெரியும்வரை பதின்மூன்று, பதினான்கு நாள் ஆகும் என்று பானும் இப்படிப்பட்ட சம்பவங்களைச் சேர்த்துத்தான் நிறுவினார். கெட்ட காற்றும் மண்ணின் நச்சாவியும்தான் நோய்க்குக் காரணம் என்று ஐரோப்பிய மருத்துவத்தில் பாதிப்பேர் நம்பிய காலம் அது. கிருமிக் கொள்கை வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. நோட்டுப்புத்தகமும் பொறுமையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் இதைச் செய்தார்.

இன்னொன்றும் செய்தார். 1781-இல் சிறுவயதில் தட்டம்மை வந்து பிழைத்த முதியவர்களைத் தேடினார். தொண்ணூற்றெட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒருவருக்கும் இரண்டாம் முறை வரவில்லை. அதே வயதில் இருந்தும் 1781-இல் தப்பித்துக்கொண்டவர்களுக்கு, நோயாளியோடு பழகியிருந்தால், இப்போது வந்தது. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்பது நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தப் பாதுகாப்பு அறுபத்தைந்து ஆண்டு, நடுவில் ஒருமுறைகூட வைரஸை எதிர்கொள்ளாமலே நிற்கும் என்பதை நிரூபிக்க இப்படி ஒரு தீவு வேண்டியிருந்தது. வேறெங்கும் தட்டம்மை அடிக்கடி வந்துபோகும். பாதுகாப்பு தானாக நின்றதா, புதிதாக ஒட்டியதால் புதுப்பிக்கப்பட்டதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இங்கே தீவு என்பதைப் பற்றி நமக்குள்ள ஒரு எண்ணத்தைக் கொஞ்சம் சோதிக்க வேண்டும். சுற்றிலும் கடல், அதனால் பத்திரம் என்று நினைக்கிறோம். தட்டம்மையின் கணக்கு நேர்மாறாகப் போகிறது. தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குக் கொடுப்பார். வைரஸ் ஒரு ஊரில் நிலைத்திருக்க வேண்டுமென்றால் தொற்றாத ஆட்கள் தொடர்ந்து வேண்டும், அதாவது குழந்தைகள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டரை லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடையே மக்கள்தொகை இருந்தால்தான் தட்டம்மை அணையாமல் எரியும் என்று 1950-களில் மாரிஸ் பார்ட்லெட் இங்கிலாந்து நகரங்களைக் கொண்டும், 1966-இல் ஃபிரான்சிஸ் பிளாக் தீவுகளைக் கொண்டும் கணக்கிட்டார்கள். ஏழாயிரம் பேர் உள்ள இடத்தில் அது சில மாதங்களில் எல்லோரையும் தொட்டு, விறகு தீர்ந்து அணைந்துவிடும். பிறகு அடுத்த கப்பல்வரை வராது. அதற்குள் ஒரு தலைமுறையே தொற்று அறியாமல் வளர்ந்துவிடும். அம்மை இல்லாத அந்த அறுபத்தைந்து ஆண்டுகள்தான் 1846-இல் ஆறாயிரம் பேரை ஒரே நேரத்தில் படுக்கவைத்தன.

கடல் காப்பாற்றாது, துறைமுகத்தில் எடுக்கும் முடிவுதான் காப்பாற்றும் என்பதற்குப் பசிபிக்கில் ஒரு கொடூரமான சான்று இருக்கிறது. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த டலூன் என்ற கப்பலை, நியூசிலாந்து நிர்வாகத்தில் இருந்த மேற்கு சமோவா தடையில்லாமல் இறக்கிக்கொண்டது. இன்புளுயன்சாவில் சுமார் 8,500 பேர், மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல், மாண்டார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் பாயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கே ஒரு மரணம்கூட இல்லை.

2020 மார்ச்சில் ஃபரோ அரசு என்ன செய்தது? பள்ளிகளை மூடியது, அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, முதியோர் இல்லங்களுக்கு வருகையை நிறுத்தியது. பலவற்றைச் சட்டமாகப் போடவில்லை, அறிவுரையாகவே சொன்னது. மக்கள் கேட்டார்கள். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்ற ஊரில், தனிமையில் இருக்கச் சொல்லப்பட்டவர் கடைக்கு வந்தால் காவலர் தேவையில்லை. அது வசதியா, தொல்லையா என்பது அந்த ஊரில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நெருக்கிப் பார்த்தால் வசந்தகாலத்தின் எண்கள் இப்படி இருந்தன. மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் 22 வரை 187 நோயாளிகள். மார்ச் நடுவில் மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே அதிகத் தொற்று உள்ள இடங்களில் ஃபரோவும் ஒன்று. எட்டுப் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். தீவிர சிகிச்சைக்கு ஒருவரும் போகவில்லை. சாவு இல்லை. 187 பேரில் ஒன்பதில் ஒருவருக்கு அறிகுறியே தெரியவில்லை. சோதனையைத் தாராளமாக நடத்தாமல் காய்ச்சல்காரர்களை மட்டும் பார்த்திருந்தால் இவர்கள் கையிலிருந்து நழுவியிருப்பார்கள்.

நோயாளிகள் ஒவ்வொருவரும் யாரிடமிருந்து பெற்றார், யாருக்குக் கொடுத்தார் என்று வரைபடம் போட்டார்கள். பானும் கேட்ட அதே கேள்விகள், இப்போது தொலைபேசியில். அதில் கிடைத்த செய்தி, உலகம் பிறகு பல இடங்களில் கண்டது: இரண்டாம் நிலைத் தொற்றுகளில் பெரும்பகுதி மூன்றே பேரிடமிருந்து கிளம்பியது. மற்றவர்களில் நிறையப் பேர் யாருக்கும் கொடுக்கவில்லை. தட்டம்மை கிட்டத்தட்ட எல்லோர் வழியாகவும் பரவும். அன்றைய கொரோனா அப்படி இல்லை. பெரும்பாலான சங்கிலிகள் தாமாகவே அறுந்துவிடும், சில மட்டும் வெடிக்கும். அந்த வெடிப்புகளைச் சீக்கிரம் கண்டுபிடித்து, தொடர்பில் வந்தவர்களைத் தனிமைப்படுத்தினால், எல்லோரையும் மாதக்கணக்கில் பூட்டிவைக்காமலே ஒழிக்க முடியும். சென்னை போன்ற பெருநகரத்தில் இதே உத்தி ஏன் திணறியது என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். சங்கிலிகளின் எண்ணிக்கை தேடுபவர்களின் கைகளை மிஞ்சிவிட்டால், வெடித்தது எது என்று தெரியும்போது அது மூன்றாம் தலைமுறைக்குப் போயிருக்கும். ஃபரோவில் 187 பேருக்கு மேல் போகவில்லை என்பதால் கைகள் போதுமாக இருந்தன. கைகள் போதுமாக இருந்ததால் 187-க்கு மேல் போகவில்லை.

கணக்கில் வராமல் எத்தனை பேருக்கு வந்துபோனது? சந்தேகம் நியாயமானது. அதையும் சோதித்தார்கள். ஏப்ரல் கடைசியில், குலுக்கலில் தேர்ந்தெடுத்த 1,075 பேரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆறு பேருக்கு இருந்தது. மொத்த மக்கள்தொகைக்குப் பெருக்கினாலும் சில நூறுதான். மறைந்து பரவிய பெரிய அலை எதுவும் இல்லை.

சாவு இல்லை என்பதால் சேதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த 187 பேரில் 180 பேரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். சராசரியாக 125 நாட்களுக்குப் பிறகும் பாதிக்கு மேல், 53 சதவீதத்தினருக்கு, ஏதாவது ஒரு தொந்தரவு மிச்சமிருந்தது. அசதி, மணமும் சுவையும் தெரியாமை, மூட்டுவலி. இவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்கே போகாதவர்கள். நீள்கோவிட் பற்றி உலகம் அனுமானங்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நாட்டின் முதல் அலை நோயாளிகள் ஏறக்குறைய அனைவரையும் வைத்துச் சொல்லப்பட்ட எண் என்பதால் இதற்கு எடை அதிகம்.

ஏப்ரலில் வேடிக்கையும் நடந்தது. சுற்றுலாப் பயணிகள் வர வழியில்லை என்றதும், உள்ளூர்வாசி ஒருவர் தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு மலையில் நடக்க, உலகின் ஏதோ மூலையில் வீட்டில் அடைந்திருப்பவர் கணினியில் பொத்தானை அழுத்தி அவரை இடப்பக்கம், வலப்பக்கம் திருப்பலாம், ஓடச் சொல்லலாம், குதிக்கச் சொல்லலாம் என்று சுற்றுலாத்துறை ஏற்பாடு செய்தது. பெருந்தொற்றுக் காலத்துக் கண்டுபிடிப்புகளில் யாருக்கும் கெடுதல் செய்யாதது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஜூன் நடுவில் எல்லையைத் திறந்தார்கள். மாதக் கடைசியிலிருந்து வந்திறங்கும் எல்லோருக்கும் சோதனை. இங்கேதான் பிசிஆரின் எல்லையும் தெரிந்தது. நேற்று தொற்றியவரின் தொண்டையில் இன்று வைரஸ் இருக்காது. விமான நிலையத்தில் எடுக்கும் மாதிரி, ஏற்கெனவே வைரஸைக் கக்குகிறவர்களை மட்டுமே பிடிக்கும். அடைகாலத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே வெளியே போவார். அதனால்தான் சில நாள் கழித்து இன்னொரு சோதனை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜூலை 28, 29-இல் வரும் ஓலவ்சோக்கா தேசியத் திருவிழாவை அந்த ஆண்டு சுருக்கினார்கள். சுருக்கினாலும் ஜனம் கூடத்தான் செய்தது. ஆகஸ்டில் மறுபடி தொற்று கிளம்பி மொத்தம் 400-ஐத் தாண்டியது. மறுபடி தொலைபேசி, மறுபடி வரைபடம், மறுபடி அடங்கியது. முதல் மரணம் 2021 ஜனவரியில்தான் நேர்ந்தது. தடுப்பூசி அதற்குச் சற்று முன்னதாகத் தீவுக்கு வந்திருந்தது.

மூடி வைத்ததில் கிடைத்தது பத்து மாத அவகாசம். தட்டம்மைத் தீவுக்குக் கிடைத்த அறுபத்தைந்து ஆண்டு அவகாசத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆனால் 1846-இல் அந்த அவகாசத்தின் முடிவில் எதுவும் காத்திருக்கவில்லை. 2021-இல் ஊசி காத்திருந்தது.

ஓமிக்ரான் வந்தபோது இந்த ஏற்பாடுகள் எதுவும் நிற்கவில்லை. 2021 டிசம்பரில் 33 மருத்துவப் பணியாளர்கள் ஒரு தனிப்பட்ட விருந்தில் கூடினார்கள். அனைவரும் மூன்று ஊசி போட்டவர்கள், பெரும்பாலோர் அதற்கு முன்பே சோதித்துத் தொற்றில்லை என்று தெரிந்துகொண்டு வந்தவர்கள். அவர்களில் 21 பேருக்குத் தொற்றியது. சந்தித்தது ஒரே மாலை என்பதால் அடைகாலத்தை நேரடியாக எண்ணிவிட முடிந்தது: இரண்டிலிருந்து ஆறு நாள், சராசரி மூன்று நாளுக்குச் சற்று மேல். தொலைபேசியில் தொடர்பு தேடி முடிப்பதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும் வேகம். இருபத்தொரு பேருக்கும் அறிகுறிகள் வந்தன. ஒருவரும் மருத்துவமனைக்குப் போகவில்லை.

2022 பிப்ரவரி கடைசியில் கட்டுப்பாடுகள் அனைத்தையும் விலக்கினார்கள். அதற்குள் பதிவான தொற்றுகள் 34,000-ஐத் தாண்டியிருந்தன, மூன்றில் இருவருக்கு. பதிவான மரணங்கள் 28. அதன்பிறகு அவர்கள் தொற்றுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள்.